கட்டின் மேல் கட்டு

என் சின்ன மருமகளுக்குச் செடி வளர்க்கும் நர்சரியில் வைத்திருக்கும் பெயர் ஊமைச்சி. ஊமையெல்லாம் இல்லை. அவள் புருஷன், என் மகன், செத்ததிலிருந்து வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். அழவுமில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள்.

அவன் பார்த்த வேலையையே அவளுக்குக் கொடுத்தார்கள்: நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுவது. நாங்கள் இருக்கும் பின்பக்கத்து அறை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் அறையும் போகும்.

அங்கே ஹோஸ் பைப் ஒரே நீளம் கிடையாது. துண்டு துண்டாக ஜாயின்ட் போட்டுக் கடைசிப் பாத்தி வரை இழுத்திருக்கும். ஜாயின்ட் ஒழுகினால் என் மகன் கழற்றிப் பார்க்கவே மாட்டான். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கிக் கட்டிவிடுவான். திரும்ப ஒழுகினால் அதன் மேலேயே இன்னொன்று. ஒவ்வொரு ஜாயின்ட்டும் வீங்கின முட்டி மாதிரி இருக்கும். அவன் போனபின் இவளும் அதன் மேலேயே கட்டிக்கொண்டு வந்தாள். அவன் போட்ட முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை போல.

வெயில் ஏறியதும், தண்ணீர் வழியிலேயே ஒழுகிப்போய்க் கடைசிப் பாத்தி வாட ஆரம்பித்தது. மேஸ்திரி வந்து பார்த்தார்.

"செடிக்குத் தண்ணி விடச் சொன்னா பாதைக்கு விட்டுக்கிட்டு இருக்கியேம்மா. பாதை என்ன பூக்கவா போகுது?"

நாளைக்குள் தண்ணீர் அங்கே போய்ச் சேராவிட்டால் தன் மச்சானை வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மச்சான் இவர் வீட்டில் உட்கார்ந்து தின்பது எல்லாருக்கும் தெரிந்த கதை.

மறுநாள் காலை மருமகள் கத்தியை எடுத்துக்கொண்டு முதல் ஜாயின்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அது அவன் கட்டுன கட்டு. மேல இன்னொண்ணு கட்டு, போதும்."

"உள்ள என்னன்னு பாக்கணும் அத்தை. கட்டுனவரு கடைசி வரைக்கும் பாக்கல."

அவன் போனபின் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அறுத்தாள். உள்ளே வாஷர் காய்ந்து பொடியாக உதிர்ந்தது. பைப்பின் வாய் பிளந்திருந்தது. பிளந்ததை வெட்டியெறிந்தாள். வெந்நீர் கேட்டாள். கோபத்தோடுதான் போட்டுக் கொடுத்தேன். பைப் முனையை அதில் முக்கி, இளகியதும் ஜாயின்ட்டில் செருகி, கிளிப்பை முறுக்கி, புது வாஷர் வைத்தாள். பாத்திரம் கழுவும்போது இருக்கிற அதே முகம்தான். அடுத்ததற்கு நகர்ந்தாள். அறுத்த ரப்பரையெல்லாம் நான் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன். அவிழ்த்திருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

வெட்டி வெட்டிப் பைப் குறுகிப்போனது. கடைசிப் பாத்திக்கு எட்டவில்லை. மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"போச்சா? இப்ப பைப்பே பத்தல."

அவள் குழாயைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். எந்த ஜாயின்ட்டிலும் சொட்டு இல்லை. பைப் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தண்ணீர் எகிறிப் போய்க் கடைசி வரிசையில் விழுந்தது.

மேஸ்திரி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். நாளைக்கு அந்தப் பக்கத்து ரோஜாத் தொட்டிகளுக்கும் அவளே விடட்டும் என்றார். மச்சான் பேச்சு வரவில்லை.

அவள் மண் முழுக்கக் கறுக்கும் வரை விரலை எடுக்காமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். போய்க் குழாயை மூடினேன்.