எதை விடப் போறீங்க, மேஸ்திரி?

குருபரப்பள்ளியில் பஸ் நின்றிருந்தது. நான் கிருஷ்ணகிரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்த் திசையில் ஓசூர் போகிற பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. அதன் சன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் என்னைக் கண்டதும் எழுந்து, "டீச்சர், நம்ம பெரிய டீச்சர் போயிட்டாங்க டீச்சர். காலைலதான். நான் அங்கதான் போறேன்" என்றாள். எங்கள் விடுதியில் தங்கிப் படித்துவிட்டுப் போனவள். அவள் பெயர்கூட அந்த நேரத்தில் எனக்கு நினைவு வரவில்லை. அப்படியே இறங்கி, அந்தப் பஸ்ஸில் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளைகள் பெரிய டீச்சர் என்று கூப்பிட்ட எஸ்தர் அம்மாள் ஓசூர்ப் பெண்கள் விடுதியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டவர் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அவர் கையால் சாப்பிட்டவர்கள். சிலர் அவரிடம் திட்டும் வாங்கியவர்கள். அவர் நல்லவர், பக்தியுள்ளவர், பிள்ளைகளை நேசித்தவர் என்று இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் அப்படிப்பட்ட நல்லவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சொல்லும் விலை நியாயமா, இல்லையா என்று எஸ்தர் அம்மாள் பார்த்ததுபோலப் பார்த்த இன்னொரு மனுஷியை நான் கண்டதில்லை. கூரை ரிப்பேரைப் பற்றியா நினைவஞ்சலி எழுதுகிறாள் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். விடுதிப் பிள்ளைகள் படித்த பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். எனக்கு ஒருவர் மேல் மதிப்பு வருவது இந்த மாதிரி இடங்களில்தான்.

நாலைந்து வருஷங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம். விடுதியின் ஓட்டுக் கூரை அதற்கு முந்தைய மழையிலேயே பல இடங்களில் ஒழுகியிருந்தது. பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்தார்கள். விஷயம் ஊர்களுக்குப் பரவிவிட்டது. பாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். எட்டாம் வகுப்பு நஞ்சம்மாளின் அப்பா. வகுப்பில் நான் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுகிற பெண் அவள்.

"மழ புடிச்சா கூர மேல வுழுந்துரும்னு ஊர்ல பேசிக்கறாங்கம்மா. பொண்ண இட்டுக்கினு போயிடறேன்" என்றார்.

போனால் திரும்பி வரமாட்டாள். தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும். அவளை அழைத்துப் போய்விட்டால், அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வண்டி கட்டுவார்கள் என்பதும் தெரியும். எஸ்தர் அம்மாள் அவரிடம் கெஞ்சவில்லை. "ஐப்பசி மழை வரும்போது நீங்களே வந்து உள்ள நின்னு பாருங்க. நனைஞ்சா அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார். அவர் யோசித்துவிட்டு, சரி என்று வண்டியைத் திருப்பினார். நாங்களோ அதுவரை கூரைக்கு ஒரு ஓடுகூட வாங்கியிருக்கவில்லை.

கூரையைப் பார்க்க முனியப்பா மேஸ்திரி வந்தார். பாகலூர்க்காரர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். ஏணி போட்டு ஏறி இறங்கி, ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆகும் என்றார். விடுதிக் கமிட்டித் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் நிலபுலன் உள்ளவர். பேரம் பேசுவதில் ஓசூர் வட்டாரத்தில் பெயரெடுத்தவர். மாட்டுச் சந்தைக்குக்கூட அவரைத் துணைக்கு அழைத்துப் போவார்கள். ஒரு முழுச் சாயங்காலம் மேஸ்திரியை உட்காரவைத்துப் பேசி, எழுநூறு ரூபாய்க்கு இறக்கிவிட்டார். விடுதியின் கையிருப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். கமிட்டியில் இருந்த நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். மேஸ்திரி என்றாலே பாதிக்குப் பாதி ஏற்றிச் சொல்லுகிறவர் என்பது என் தீர்மானமான கருத்து. அதனால் நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

எஸ்தர் அம்மாள் மட்டும் தட்டவில்லை. மேஸ்திரிக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"ஆயிரத்து இருநூறுக்கு என்னென்ன செய்யறதா இருந்தீங்க?" என்று கேட்டார். மேஸ்திரி ஒவ்வொன்றாகச் சொன்னார். புது ஓடு, அதைத் தாங்குகிற ரீப்பர் சட்டங்கள், முகட்டுக்குச் சுண்ணாம்பு, லாரி வாடகை, ஆள் கூலி.

"சரி. எழுநூறுக்கு இதுல எதை விடப் போறீங்க, மேஸ்திரி?"

"அதெல்லாம் அவன் பாடு. ஒத்துக்கிட்டான் இல்ல?" என்றார் தலைவர்.

"ஒத்துக்கிட்டாரு ஐயா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

மேஸ்திரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க கேட்டதால சொல்றேம்மா. ஓடு புதுசு போட்டுருவேன். கீழ இருக்கற ரீப்பரத் தொட மாட்டேன். பழைய கட்ட மேலயே அடுக்கினு போயிருவேன். கீழ நின்னு பாத்தா செவப்பா, லட்சணமா இருக்கும்."

"எத்தனை நாளைக்கு?"

"இந்த மழ தாங்கும். அடுத்த மழைய எங்கையால சொல்ல முடியாது."

தலைவர் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா, திருட்டுப் பயல!" என்று கத்தினார். எஸ்தர் அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "திருடறவர் சொல்லிட்டா ஐயா செய்வாரு? குறைச்சது நாம. அவரு எங்க குறைப்பாருன்னு கேக்க வேண்டியதும் நாமதானே" என்றார்.

நானும் எத்தனையோ பேரம் பேசியிருக்கிறேன். ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்பதோடு என் கேள்வி முடிந்துவிடும். விலை இறங்கினால் வெற்றி என்று வீட்டுக்குப் போய்விடுவேன். இறங்கிய விலையைப் பார்த்துப் பயப்படுகிற ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

ஆனாலும் என் சந்தேகம் விடவில்லை. "அந்த ஆயிரத்து இருநூறு மட்டும் யோக்கியமான விலையா அம்மா?" என்று மேஸ்திரியின் காதுபடவே கேட்டேன். "அதுவும் தெரியாதுதான், கமலா. ஒரு அங்கணத்தைப் பிரிச்சுப் பாத்துருவோம். அன்னிக்குக் கூலிய தனியா குடுத்துரலாம்" என்றார். இரண்டு உத்திரங்களுக்கு நடுவில் உள்ள ஒரு பங்கு கூரையைத்தான் அங்கணம் என்பது. எதைப் பிரிப்பது என்பதிலும் தகராறு வந்தது. மேஸ்திரி சமையலறை மூலையைக் காட்டினார். கூரையிலேயே மோசமான இடம் அது. தலைவர் வாசல் பக்கத்தைக் காட்டினார்; அங்கே ஒரு சொட்டு ஒழுகியதில்லை. "ரெண்டு பேரும் காட்டாத இடத்தைப் பிரிங்க" என்றார் எஸ்தர் அம்மாள். தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் நடுக்கூடத்தின் மேலே ஓட்டைப் பிரித்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய எஸ்தர் அம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்திருந்த என் தலையில் தூசியும் பல்லி முட்டையும் கொட்டின. ஒரு ரீப்பரைப் பிடித்து இழுத்தார். காப்பியில் நனைத்த ரஸ்க்குபோலக் கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. எது நல்லது, எது செத்தது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சொன்னார். நான் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டேன். இறங்கி வந்ததும், அந்த ஓர் அங்கணத்துக்கு ஆன மரம், ஓடு, கூலி எல்லாவற்றையும் வைத்து முழுக் கூரைக்குக் கணக்குப் போடச் சொன்னார். போட்டேன். மேஸ்திரி முதலில் சொன்ன விலைக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்து நின்றது. எனக்கே கோபம், என் கணக்கின் மேல்.

அதோடு மேஸ்திரியை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். "பிரிச்ச மரம் யாருக்கு?" என்று கேட்டார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அது விடுதி அடுப்புக்கு என்று ஆயிற்று. உடையாத பழைய ஓடுகளும் விடுதிக்கே. பெங்களூரிலிருந்து ஓடு கொண்டுவர முழு லாரி வாடகையை மேஸ்திரி சேர்த்திருந்தார். எஸ்தர் அம்மாள் மத்திகிரியில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவருடைய ஓட்டையும் அதே லாரியில் ஏற்றச் சொல்லி, வாடகையைப் பங்கு போட்டார். ஆனால் கூலியில் கை வைக்கவில்லை. கடைசியில், "இந்த விலை உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டார். மேஸ்திரி, "ஆய்த்தம்மா" என்று கன்னடத்தில் சொன்னார்; ஆகும் அம்மா, சரி என்று அர்த்தம். அவருக்கு நெஞ்சு நிறைந்தால் கன்னடம் வந்துவிடும் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

விலை நியாயம் என்று தெரிந்துவிட்டது. அந்த விலைக்குப் பணம் இல்லை. தலைவர் கையை விரித்தார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. எஸ்தர் அம்மாள் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு, "பாதிக் கூரை முழுசா இருக்கட்டும். முழுக் கூரை பாதியா இருக்க வேண்டாம்" என்றார். பிள்ளைகள் எல்லாரும் கிழக்குப் பாதியில் படுப்பது, அந்தப் பாதியை மட்டும் ரீப்பர் முதல் முகடு வரை புதிதாகச் செய்வது, மேற்குப் பாதியைக் கோடையில் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவருடைய அறை மேற்குப் பாதியில் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நஞ்சம்மாளின் அப்பா வந்துவிட்டார். வகுப்பிலிருந்து ஓடி வந்த நஞ்சம்மாள் தூண் அருகே நின்று தாவணி முனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். எங்கே தொடங்கி எதைக் காட்டுவது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் அம்மாள் நேராக அவரை மேற்குப் பாதிக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன்.

"முதல்ல இதைப் பாருங்க. இது ஒழுகுது. இங்க பிள்ளைங்க யாரும் இல்ல" என்றார்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நான்கு வாளி, இரண்டு அண்டா. கட்டில் சுவரோரம் ஒண்டிக் கிடந்தது. அதன் மேலே ஓர் எண்ணெய்த் துணி கட்டியிருந்தது.

"இங்க யாரும்மா படுக்கறது?"

"நான்."

அதற்குப் பிறகு அவர் கிழக்குப் பாதிக்குப் போனார். அவசரப்படவில்லை. உள்ளங்கையை மேலே நீட்டியபடி, ஒவ்வொரு அங்கணத்தின் கீழும் நின்று நின்று போனார். மேலே மழை அப்படி அடித்தது. கீழே அவர் கை காய்ந்திருந்தது. கடைசிவரை போய்த் திரும்பியவர், மகளைப் பார்த்து, "போ, போயி படி" என்றார். எஸ்தர் அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். அந்த வருஷம் ஒரு பெண்கூட விடுதியை விட்டுப் போகவில்லை. நஞ்சம்மாள் இன்று ஆசிரியைப் பயிற்சியில் இருக்கிறாள்.

கோடையில் மேற்குப் பாதியையும் அதே மேஸ்திரிதான் செய்தார். எஸ்தர் அம்மாளை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் அவரைப் பார்த்தேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார்.

விடுதிப் பொறுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் சூளகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் தகரப் பெட்டியும் மகளுமாக வந்தார். "எடம் எல்லாம் வசதியா இருக்குமாம்மா?" என்று கேட்டார். வசதிகளை வரிசையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சித்திரையில எங்க கெணறு வத்திரும். அப்ப பிள்ளைங்க தூரத்துலருந்து தண்ணி எடுத்துட்டு வரணும். நானும் எடுக்கறேன். மத்ததை அப்புறம் சொல்றேன்" என்றுதான் வாயில் வந்தது. இத்தோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். குறையை முதலில் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முடிவு செய்யும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று எஸ்தர் அம்மாள் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பழக்கம் ஒன்றுதான். அந்த மனிதர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.