படுக்கையறையில் ஒரு பீர் வாளி

என் மூத்த பிள்ளை பிறந்து வந்து படுத்த அறையைப் பீருக்காகக் குளிர வைத்திருந்தார் என் கணவர். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் பெற்ற பிள்ளையா?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஸ்டுட்கார்ட்டில் இரண்டு அறை வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு டொச் என்கிற ஜெர்மன் மொழியில் நாலு சொல்கூடத் தெரியாது. கணவர் வேலைத்தலத்தில் யாரிடமோ கேட்டு வீட்டில் பீர் காய்ச்சப் பழகியிருந்தார். நான் சோறு வடிக்கும் பெரிய பானையில் முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி, ஹொப்பன் என்கிற கசப்புப் பூவைப் போட்டு, வடித்து, ஆறவிட்டு, ஈஸ்ட் தூவி, ஒரு பிளாஸ்டிக் வாளியில் மூடிவைப்பார். அந்த ஈஸ்டுக்குக் குளிர் வேண்டுமாம். பத்துப் பாகைக்கு மேல் ஏறினால் ருசி கெட்டுவிடுமாம்.

நிலவறையில் கொதிகலன் ஓடுவதால் அங்கே சூடு. முன்னறையில் டிவி, அவருடைய கூட்டாளிமார். மிச்சம் படுக்கையறைதான். ஆஸ்பத்திரியிலிருந்து நான் பிள்ளையோடு வந்தபோது ஹீட்டர் நிறுத்தியிருந்தது, யன்னல் சாய்த்துத் திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி.

“இஞ்சேருங்கோ, பிள்ளைக்குக் கை கால் எல்லாம் ஐஸ். யன்னலைப் பூட்டுங்கோ.”

“டிசம்பர் முப்பத்தொண்டுக்கு எல்லாரும் வருவினம். நானே காய்ச்சின பியர் குடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். கொஞ்ச நாள் பொறும். இஞ்சத்தைப் பிள்ளையள் குளிருக்குப் பழகத்தானே வேணும்.”

ஊரில் பிள்ளை பெற்றவளைச் யன்னலுக்குச் சாக்குக் கட்டிய அறையில் வைத்து மிளகு சீரகம் அரைத்த சரக்குக் கறி கொடுப்பார்கள், காற்றுப் படவே விடமாட்டார்கள். இங்கே நான் குளிர்ச்சட்டையோடு பால் கொடுத்தேன். வயிற்றில் தையல் இழுக்க இழுக்க இரும வேண்டியிருந்தது. வாளி குமிழி விடும் சத்தம் கேட்டால் அவர் ஓடிவந்து குனிந்து காது கொடுப்பார். பிள்ளை அழுதால் “பாலைக் குடும்” என்பார், முன்னறையிலிருந்தபடியே.

வீடு தேடி வரும் மருத்துவிச்சியை நம்பித்தான் இருந்தேன். வந்தவள் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தாள். எடை ஏறவில்லை. பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். யன்னலைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்து என்னிடம் ஏதோ கடுமையாகச் சொன்னாள்.

“என்னவாம்?” என்று கணவரைக் கேட்டேன்.

“பிள்ளை நல்லா இருக்காம்.”

எனக்கு மொழிதான் தெரியாது, முகம் தெரியாதா? எழும்பிப் போய் வாளியின் மூடியைத் திறந்தேன். வீட்டில் இருந்த ஒரே வெப்பமானி அதற்குள்தான் தொங்கியது. அதைத் தூக்கி அவளுக்குக் காட்டினேன், பிறகு பிள்ளையைக் காட்டினேன். இவர் இன்றைக்கு வசமாக மாட்டினார் என்று நினைத்தேன்.

அவள் வாளிக்குள் குனிந்து மணந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. கணவர் பாய்ந்துபோய் ஒரு கிளாஸில் மொண்டு கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, “சேர் கூட்” என்றாள். நன்றாக இருக்கிறதாம். அந்த இரண்டு சொல்லும் எனக்கும் தெரியும். பூதம் புறப்படவென்றே நானே கிணறு வெட்டியிருக்கிறேன். இரண்டு பேரும் வாளிக்கு மேலே குனிந்து நின்று, பழைய சிநேகிதர் மாதிரிக் கதைத்துச் சிரித்தார்கள். போகும்போது பிள்ளைக்குத் தொப்பி போடச் சொன்னாள். அதை மட்டும் அவர் சரியாக மொழிபெயர்த்தார்.

மறுநாள் அவர் காலை வேலைக்குப் போனதும் யன்னலைப் பூட்டினேன். ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். வாளியைத் தூக்க ஏலாது, தையல் விட்டுவிடும். தரையில் இழுத்து இழுத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய், சோத்துப் பானையால் மொண்டு மொண்டு தொட்டிக்குள் ஊற்றினேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பானைக்கும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

பின்னேரம் வந்தவர் வெறும் வாளியைக் கண்டார். பிள்ளை பிறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசன், தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்து அழுதார். “எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தேன்.

“தள்ளி இருந்து அழுங்கோ,” என்றேன். “பிள்ளையைக் குளிப்பாட்ட வேணும்.”