அம்புக்குறி நின்ற இடம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், தாம்பரத்தில் ரயில்வே ஊழியர்களுக்கான ஒரு பயிற்சி அறையில் ஒப்பந்த வேலையாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேன்கள் அதுவரை பாதுகாப்பு விதிகளை வாயால் ஒப்பித்துத் தேறிவந்தார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று உத்தரவு வந்தது. இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், சரியானதன் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்த வேண்டும். தேறினால் சான்றிதழ் உடனே அச்சாகி வரும். அது இருந்தால்தான் லுக்-அவுட் வேலைக்கு நிறுத்துவார்கள். மற்றவர்கள் குனிந்து வேலை செய்யும்போது, கொடியோடு தள்ளி நின்று, வண்டி வருகிறதா என்று பார்த்து விசில் ஊத வேண்டியவர் அவர். அவர் தவறினால் குனிந்திருக்கும் அத்தனை பேரும் போனார்கள்.

சம்மட்டி பிடித்த கைக்கு மவுஸ் அடங்கவில்லை. ஒருவர் அதைத் தூக்கி மானிட்டர் கண்ணாடி மேலேயே வைத்து அழுத்தினார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "ஒடைஞ்சிடப் போவுது மேடம், நீங்களே புடிச்சிக்கங்க" என்பார்கள். தேர்வு எழுதுபவர்தான் மவுஸைத் தொட வேண்டும் என்பது விதி. ஆனால் ஒவ்வொருவரும் அம்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். நானே பிடித்துக்கொண்டேன். கேள்வியையும் பதில்களையும் சத்தமாகப் படிப்பேன், அவர்கள் எண்ணைச் சொல்வார்கள், நான் அழுத்துவேன். கொஞ்ச நாளில் அதுவே அந்த அறையின் வழக்கமாகிவிட்டது. யாரும் தோற்கவில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று பேர் வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற ஒரு கேங்மேன் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். தேர்வு அன்றைக்கு அவர் இருபதுக்கு இருபது. எழுந்து கும்பிடு போட்டுவிட்டு நடந்தார், சான்றிதழைப் பிரிண்டரிலேயே விட்டுவிட்டு.

"அண்ணா! சர்ட்டிபிகேட்!" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள், அவர் மட்டும் திரும்பவில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். நான் பேசப் பேச என் கண்ணைப் பார்க்காமல் உதட்டையே பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"காது கேக்காதாண்ணா?" என்று கையால் காட்டிக் கேட்டேன்.

"மந்தம்தான் மேடம். வெளிய சொல்லிடாதீங்க."

"அப்ப நான் படிச்ச கேள்வி?"

"நீங்க இன்னாவோ படிச்சினு இருந்தீங்க. அந்த அம்பு ஒண்ணுமேல போய் நின்னுச்சு. அதோட நம்பரைச் சொன்னேன்" என்றார். ஏமாற்றிவிட்ட முகமே இல்லை. அதுதான் தேர்வு முறை என்று நினைத்திருக்கிறார்.

படிக்கும்போதே என் கை சரியான பதிலுக்கு முந்திக்கொண்டு போயிருக்கிறது. அது எனக்கே தெரியாது.

"இடுப்பு வுட்டுப்போச்சு மேடம். சம்மட்டி தூக்க முடில. கொடி புடிச்சினு நின்னா எப்டியோ பொழச்சிப்பேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான் அது. மவுஸைத் தொட்டது நான் என்று வெளியே வந்தால் என் வேலை போய்விடும்.

அதன்பிறகு தினமும் காலையில் நான் தேடியது அவரைத்தான். சிட்லபாக்கத்திலிருந்து குரோம்பேட்டைக்கு வந்து மின்சார ரயில் ஏறினால் தாம்பரம் இரண்டாவது ஸ்டேஷன். சானடோரியம் தாண்டியதும் பெண்கள் பெட்டியின் வாசலுக்கு வந்துவிடுவேன். அவருடைய கேங் அந்தப் பக்கம் வேலை செய்யும். சிவப்புக் கொடியோடு அவர் நிற்பார். குனிந்திருப்பவர்களை எண்ணுவேன். ஒன்பது. மறுநாளும் ஒன்பது. சரியாக இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கும். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன், நாளைக்கு என்று தள்ளிப்போடுவேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனது.

ஒரு புதன்கிழமை, எங்கள் வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அடுத்த தண்டவாளத்தில், ஓரத்தில் ஜெனரேட்டர் வேறெதுவும் கேட்காதபடி இரைய, ஒன்பது பேரும் குனிந்து ஜல்லியை இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கள் வண்டியையே பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால், தாம்பரம் பக்கமிருந்து, அவர்கள் நிற்கும் அதே தண்டவாளத்தில் ஓர் எக்ஸ்பிரஸ் வந்தது. விடாமல் ஊதியது. என் பெட்டியில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர் திரும்பவே இல்லை. வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன், கத்தி என்ன பிரயோஜனம்?

கேங்கில் ஒருவர் எதற்கோ நிமிர்ந்தார். அவர் போட்ட கூச்சலில் எல்லோரும் எகிறி விழுந்தார்கள். ஒருவர் லுக்-அவுட்டைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். வண்டி போயேவிட்டது. தண்டவாளத்தில் கிடந்த கடப்பாரை எங்கேயோ போய் விழுந்தது. ஒன்பது பேரையும் அவரையும் எண்ணினேன். இருந்தார்கள். திரும்பவும் எண்ணினேன்.

தாம்பரத்தில் இறங்கி நேராக அதிகாரியின் அறைக்குப் போனேன். அந்தக் கேங்மேனின் காது, அம்புக்குறி, என் கை, ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதிகாரி என்னைத் திட்டவில்லை. முதலில் போனை எடுத்து, அந்த ஆளை உடனே லைனை விட்டு வெளியே கொண்டுவரச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வழியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

போனை வைத்துவிட்டுக் கேட்டார்: "இவர் ஒருத்தருக்குத்தான் நீங்க மவுஸ் புடிச்சீங்களா?"

"இல்ல சார். எல்லாருக்கும்."

அலமாரியிலிருந்து பட்டியலை எடுத்து என் முன்னால் விரித்தார். அந்த வருஷம் தேறிய அறுபத்திரண்டு பேர். இதில் யாருக்கு விதி தெரியும், யார் அம்பைப் பார்த்துச் சொன்னது என்று குறிக்கச் சொல்லிப் பேனாவை நீட்டினார். முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை பார்த்தேன். ஒருவரைப் பற்றியும் எனக்குத் தெரியவில்லை.

"சீக்கிரம்மா," என்றார். "அத்தனை பேரும் இப்ப லைன்லதான் நிக்கிறாங்க."