நேத்து என்றொரு கெட்ட வார்த்தை

எருமை என்ற சொல்லை அக்கா மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கிறார். முதலில் தோழி தோழியைக் கூப்பிடுவது போல. பிறகு பொறுமை போன தாயைப் போல. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்றும் பொருந்துவதாகத்தான் படுகிறது. "தொலையட்டும், விட்டுர்றேன்" என்று அடுத்த வரிக்குப் போகிறார்.

இணைய விளையாட்டு ஒன்றில் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதைப் படித்து, தகாததை நீக்குவது அவர் வேலை. அலுவலகம் முழுவதற்கும் அவர் சென்சார் அக்கா. அதே விளையாட்டின் வசனங்களை மொழிபெயர்க்கும் எனக்குப் பக்கத்து மேசை. காலையில் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் யாரோ யாரையோ திட்டியதுதான்.

இதற்கு முன் பாடநூல் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தியவர். "அங்க சின்ன ர போடற எடத்துல பெரிய ற போட்டா தப்பு. அமைச்சரே போட்டாலும் தப்பு. இங்க எது தப்புன்னு கேட்டா ஆளாளுக்கு மோட்டுவளையப் பாக்கறாங்க."

விதி ஒரே வரி. 'பெரும்பாலானோரைப் புண்படுத்தக்கூடிய சொற்கள், சூழலைக் கருத்தில் கொண்டு நீக்கப்படும்.' யார் அந்தப் பெரும்பாலானோர் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். தங்கள் விவேகத்தைப் பயன்படுத்தவும் என்று பதில் வந்தது. பயன்படுத்தினார். ஆளை ஆள் சுட்டுத் தள்ளும் விளையாட்டில் 'செத்துப்போ' என்பதை விட்டுவைத்தார். கண்டிப்பு வந்தது. அடுத்த வாரம் நீக்கினார். ஆடவே முடியவில்லை என்று புகார் வந்தது. "வெச்சாலும் குத்தம், எடுத்தாலும் குத்தம். வெளங்கிடும்."

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் கதவைச் சாத்திக்கொள்வார். ஒருநாள் சாத்த மறந்துவிட்டார். கூடத்தில் கணவர் தன் மேலாளரிடம் போனில் பணிவாகப் பேசிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து 'அறிவுகெட்ட முண்டமே' என்று தெளிவாக வந்திருக்கிறது. "அன்னையிலேருந்து அவரு பால்கனியிலதான் பேசறாரு."

வசவு எதுவும் அக்காவின் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. கெடுத்தது ஒரு மரியாதையான ஆள். மின்மினி என்ற பெயரில் ஆடும் பெண்ணுக்கு அவன் தினமும் எழுதிவந்தான். வாங்க மேடம். வேலை முடிஞ்சுதா மேடம். அவள் பதில் போட்டதேயில்லை. ஒருநாள், "நேத்து பச்சைச் சட்டை உங்களுக்கு நல்லா இருந்துச்சு மேடம்" என்று எழுதினான். யார் நீ, எங்கே பார்த்தாய் என்று முதல் தடவையாக அவள் கேட்டாள். சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினான்.

அக்கா அவனை வெளியேற்றினார். அவன் முறையிட்டான். வயதில் இளையவரான குழுத்தலைவர் மேசைக்கு வந்தார்.

"அக்கா, இதுல கெட்ட வார்த்தையே இல்லையே. பாராட்டுதானே?"

"பயமுறுத்தறான் தம்பி."

"நமக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்கு எந்த வார்த்தைன்னு காட்டணும்ல? இல்லன்னா சாயங்காலம் அவன் தானா உள்ள வந்துடுவான்."

'புண்படுத்தும் சொல்' என்ற கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம். முழு வரியையும் போட்டுப் பார்த்தார், ஏற்கவில்லை. மேடம் என்பதில் என்ன குற்றம், சட்டையில் என்ன குற்றம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் 'நேத்து' என்று அடித்தார். "எங்கயோ நின்னு பாத்திருக்கான்ல. வெஷம் அதுலதான இருக்கு." கட்டம் ஏற்றுக்கொண்டது.

மறுநாள் விளையாட்டு முழுக்க நட்சத்திரக் குறிகள். கட்டத்தில் போட்ட சொல்லைக் கம்ப்யூட்டர் எல்லாருக்குமே தடுத்துவிட்டது; நேத்து என்று ஒருவராலும் எழுத முடியவில்லை. 'முந்தாநாளுக்கு அடுத்த நாள் ஏன் வரல' என்று ஒருவன் சுற்றி வளைத்துக் கேட்டிருந்தான். புகார்கள் குவிந்தன. குழுத்தலைவர் கையில் தேநீர்க் கோப்பையோடு அப்படியே ஓடி வந்தார்.

"அக்கா, அந்த வார்த்தைய மொதல்ல எடுத்துவிடுங்க. மேலேருந்து கிழிக்கறாங்க."

"எடுத்துர்றேன். எடுத்தா கூடவே அவனும் உள்ள வந்துருவான். நிரந்தரத் தடைன்னா நீங்கதான் போடணும் தம்பி. அதுக்கு வார்த்தை கேக்காது. உங்க பேரத்தான் கேக்கும்."

"நாளைக்கு ஏன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி மண்டைய உடைச்சுக்கறேன்?"

அவன் எழுதியதையெல்லாம் படமெடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போகும்படி அக்கா காலையிலேயே அந்தப் பெண்ணுக்கு எழுதியிருந்தார். பதில் இப்போதுதான் வந்திருந்தது. திரையைக் குழுத்தலைவர் பக்கம் திருப்பினார். 'போறேங்க. தனியா போக பயமா இருக்கு, என் தம்பி வரட்டும்னு இருக்கேன். அவன் அப்படி எழுதினதுலேருந்து ஜன்னலே தொறக்கல.'

குழுத்தலைவர் படித்தார். தேநீரை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலச் சுற்றுமுற்றும் பார்த்து, என் மேசையில் வைத்தார்.

அக்கா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, தன் பெயரைக் கடைசி எழுத்துவரை அடித்து முடிக்கும் மட்டும், நாற்காலியின் முதுகிலிருந்து அக்கா கையை எடுக்கவில்லை.