றோயின் நாலு கமராக்கள்

கரவெட்டி நிரோஜாவுக்கு முட்டாள்களைக் கண்டால் ஆகாது. அப்படிப்பட்டவள் எட்டு வருடமாக றோயிடம் வேலை செய்கிறாள் என்பதை ஊர் இன்னும் நம்பவில்லை. பருத்தித்துறை பஸ் நிலையத்துக்கு எதிரே, மேல்மாடியில் றோயின் மரண அறிவித்தல் இணையத்தளம் இயங்குகிறது. இங்கே ஒருவர் கண்ணை மூடினால் கனடாவும் நோர்வேயும் முதலில் பார்ப்பது அதைத்தான். செத்தவீட்டு நேரலையும் அதில்தான் போகும். தளத்தை விழாமல் வைத்திருப்பது நிரோஜா. விசிட்டிங் கார்டில் "தொழில்நுட்ப இயக்குநர்" என்று இருப்பது றோய். அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம் போனைச் சார்ஜில் போடுவது.

மூன்று மாதத்துக்கு முன் அவள் அவரிடம் எச்சரித்திருந்தாள். "அண்ணை, உலகம் முழுக்க களவாப் பிடிச்சு வச்சிருக்கிற ஆயிரக்கணக்கான மெசினுகளை விட்டு ஒரே நேரத்திலை எங்கடை தளத்தைத் தட்டுவாங்கள். ஆருக்குத் திறக்கிறதெண்டு தெரியாமல் அது விழுந்திடும். பாதுகாப்புப் போட வேணும்."

"ஓம் பிள்ளை, நான் பாக்கிறன்," என்றார் றோய். அடுத்த கிழமை மேல்மாடிக் கந்தோருக்கு இரும்புக் கதவு வந்தது. சுவரில் நாலு மலிவுக் கமராக்கள் ஏறின. தளம் இருக்கும் கணினியோ சிங்கப்பூரில். அந்த அறையில் திருடன் எடுத்துப் போவதற்கு இருந்தது இரண்டு கதிரையும் ஒரு கேத்திலும் நிரோஜாவின் பழைய மடிக்கணினியும்தான்.

ஊருக்கே படிப்பித்த ஐரிஸ் ரீச்சரின் அடக்கம் நடந்த செவ்வாய்க்கிழமை பகல் தளத்துக்கு அடி விழுந்தது. நேரலை நின்றது. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. செத்தவீட்டை அடித்து விழுத்துகிறவனை நிரோஜா மனிதக் கணக்கில் சேர்ப்பதுமில்லை.

ரீச்சரின் ஒரே மகன் அனோஜன் ஒஸ்லோவிலிருந்து போன் எடுத்தான். அகதி வழக்கு முடியாததால் அவனால் நோர்வேயை விட்டு அசைய முடியாது. "அக்கா, ஒண்டும் தெரியேல்லை. மூண்டு மணிக்குப் பெட்டியை மூடப்போயினமாம். அம்மான்ரை முகத்தை ஒருக்கால் பாக்க வேணும்."

அப்போது இரண்டு மணி. நிரோஜா போனை வைத்துத் திரும்புவதற்குள் றோய் அவளுடைய கதிரையில் உட்கார்ந்து எதையோ அழுத்திவிட்டார்.

"முடிஞ்சுது. வெளிநாட்டுக்காரர் முழுப்பேரையும் நிப்பாட்டிப்போட்டன். இப்ப என்ரை போனிலை நல்லா ஓடுது, பார்."

"அண்ணை, எங்கடை தளத்தைப் பாக்கிற சனம் எங்கை இருக்கு?"

"வெளிநாட்டிலை."

சொன்னது அவருக்கே கேட்கவில்லை. வெற்றி வீரராகச் சாப்பிடப் போய்விட்டார். தாய் செத்த பிள்ளையை வெளியே தள்ளிப் பூட்டிவிட்டுச் சோறு தின்னப் போகிற மனிதர் எழும்பிய கதிரையில் அவள் உட்கார்ந்தாள்.

தடையை எடுக்குமுன், தளத்தை யார் யார் தட்டுகிறார்கள் என்ற பதிவேட்டைப் பார்த்தாள். வெளிநாடு முழுவதும் பூட்டியிருந்தும் தளத்தை இன்னும் நாலு கருவிகள் விடாமல் தட்டிக்கொண்டிருந்தன. நாலும் உள்ளூர். நாலும் இந்தக் கந்தோரின் இணைப்பிலிருந்தே. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் றோய் மாட்டிய கமராக்கள் எப்போதோ தளத்தை அடிக்கிறவனின் பிடிக்குள் போயிருந்தன. காவலுக்கு வைத்ததே அவனுக்குக் கூலி வேலை செய்தது. நிரோஜா கதிரையில் ஏறி நாலின் வயரையும் பிடுங்கினாள்.

பிறகு தளத்தின் முன்னால் மெல்லிய பக்கம் ஒன்றைப் போட்டாள். எத்தனை ஆயிரம் தட்டினாலும் தாங்கக்கூடியது. அதில் ஒரே ஒரு கேள்வி: ஐரிஸ் ரீச்சரின் சைக்கிள் என்ன நிறம்? முப்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ரீச்சர் மிதித்த சைக்கிள். நிரோஜாவைப் போல அவரிடம் படித்த பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்கும் தெரியும். மெசினுக்குத் தெரியாது. சரியாகச் சொன்னவருக்கு மட்டும் நேரலை திறக்கும். வேலையை முடித்து வெளிநாட்டுத் தடையை எடுத்தபோது மூன்று மணிக்குப் பதினொரு நிமிடம் இருந்தது.

மெசினுகள் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றன. ரொறன்ரோவிலிருந்து ஒருவர் உள்ளே வந்தார். லண்டனிலிருந்து ஏழு பேர். பிறகு ஒஸ்லோ.

மூன்றேகாலுக்கு அனோஜன் எடுத்தான். "பச்சையெண்டு அடிச்சனான் அக்கா," என்றான். "அம்மாவைப் பாத்திட்டன்." முட்டாள்களுக்காக ஒருபோதும் அழாத நிரோஜா அன்று அந்தச் சைக்கிளுக்காக அழுதாள்.

றோய் ஏப்பத்தோடு வந்தபோது தளம் ஓடிக்கொண்டிருந்தது. தளத்தின் கடவுச்சொல்லை அவள் அதற்குள் மாற்றியிருந்தாள். அவர் இன்னும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நாலு கமராவும் வயரில்லாமல் சுவரில் தொங்குகின்றன. கந்தோருக்கு வருகிறவர்களுக்கு அவற்றைக் காட்டி, "உதுகள் இல்லாட்டி ஐரிஸ் ரீச்சரின்ரை செத்தவீட்டை அண்டைக்கு ஒருத்தரும் பாத்திருக்கேலாது," என்கிறார் றோய். நிரோஜா கணினியிலிருந்து தலை நிமிர்த்துவதில்லை.