ஒரு கட்டில், இரண்டு பேர்

சுகப்பிரியாவுக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் லீவு கேட்கும்போதாவது ஒரு பொய் சொல்லிப் பிழைத்திருப்பாள். அதனால்தான் அவள் சொன்ன இதை நான் அப்படியே நம்புகிறேன். நடந்தது 2012 ஆகஸ்டில், வடக்குப்பட்டில். ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில்.

ஒரகடம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் நர்ஸ். சங்கரன்கோவிலிலிருந்து வந்து சேர்ந்ததுமே ராத்திரி ஷிப்டில் போட்டுவிட்டார்கள். எட்டு மணியிலிருந்து எட்டு மணி வரை, பன்னிரண்டு மணி நேரம். வடக்குப்பட்டில் தங்க இடமும் அவர்களே கொடுத்தார்கள். இடமாம் இடம். ஒரு பழைய வீட்டைப் பிளைவுட்டால் தடுத்துத் தடுத்து, தடுப்புக்கு ஒரு கட்டில். கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிப்டுக்காரி ராத்திரி படுப்பாள், ராத்திரி ஷிப்டுக்காரி பகலில் படுப்பாள். மனுஷி ஓய்ந்தாலும் கட்டில் ஓயாது. தூங்குகிற நர்ஸை எழுப்பக் கூடாது என்பது மட்டும்தான் அங்கே எல்லாரும் மதித்த ஒரே சட்டம்.

கதவில் ஒட்டியிருந்த சீட்டில் இரண்டு பெயர்கள். சுகப்பிரியா, நைட். இன்னொன்று மோகனப்ரியா என்று மட்டும்; பகல் ஷிப்டுக்காரியாக இருக்கும். அந்த மோகனப்ரியாவை இவள் பார்த்ததே இல்லை. ஏதாவது கம்பெனியின் முதலுதவி அறைக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் நாள் காலை 9.05. படுத்தாள். மெத்தை சூடாக இருந்தது. ஏழரைக்கே எழுந்து போனவளின் சூடு இன்னுமா இருக்கும்? தலையணையில் எச்சில் ஈரம். நீளமாக நாலு முடி. அழுகின மல்லிகையும் டெட்டாலும் கலந்த ஒரு வாடை. தன் துணியை விரித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தாள். தூக்கம் எங்கே வரும்.

வார்டன் அம்சவல்லியிடம் போய்ச் சொன்னாள்.

“இன்னாமா, வந்ததும் வராததுமா? பொம்பளப் புள்ளைங்கதானே, அட்ஜஸ் பண்ணிக்க.” ஹேர்பின்னால் காதைக் குடைந்துகொண்டே சொன்னாள். குடைந்த பின்னைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மூன்று பகல் தூக்கமில்லாமல் போனது. அதற்கடுத்த ராத்திரி, விடிகாலை 4.20. ஏழாம் படுக்கைக்காரருக்குப் போட வேண்டிய இன்சுலினை ஒன்பதாம் படுக்கைக்காரருக்குப் போடப் போனாள். சீனியர் நர்ஸ் சரோஜா பாய்ந்து கையைப் பிடித்தாள்.

“ஆளக் கொல்லப் பாத்தியேடி. இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா மூட்டையக் கட்டிக்கினு ஊருக்குக் கெளம்பு. மொதல்ல போய்த் தூங்கு.”

நாலு மணி நேரம். ஒழுங்கான தூக்கம். அது கிடைக்காவிட்டால் வேலை போகும், வேலை போவதற்குள் யாராவது ஒருவரின் உயிரே போகும்.

காலையில் வந்தவள் ஆத்திரத்தோடு மெத்தையைப் புரட்டிப் போட்டாள். மேல்பக்கம் ஈரமென்றால் அடிப்பக்கத்தில் படுத்தால் போகிறது.

அடிப்பக்கத்தில் ஒரு கறை. பழுப்பாக, மொறமொறவென்று காய்ந்து, தோளிலிருந்து தொடை வரை ஓர் ஆள் அகலத்துக்கு. சீ, எவளோ என்னவோ பண்ணிவைத்திருக்கிறாள், கழுவக்கூட இல்லை. அருவருப்பில் உடம்பு கூசியது. ஆனால் கண் சொருகியது. போர்வையை இரண்டாக மடித்து மேலே போட்டாள். படுத்தாள். தூங்கிவிட்டாள்.

மதியம் 1.10.

காதருகே ஒரு குரல். கரகரவென்று, தூக்கக் கலக்கத்தோடு.

“அக்கா... வந்ததும் எழுப்பி வுடுக்கா...”

“ம்... சரிட்டி,” என்றாள் சுகப்பிரியா. திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.

மாலையில் எழுந்தபோதுதான் உறைத்தது. கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. கனவாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள். 1.10.

“அக்கா... எழுப்பவே இல்லியே...”

குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது.

அதற்கும் மறுநாள். 1.10. குரல் இல்லை.

முதுகில் ஏதோ ஒட்டியது.

இன்னொரு முதுகு.

சூடாக... ஈரமாக...

அந்த வாடை.

நைட்டியோடு தெருவுக்கு ஓடினாள்.

அன்று இரவு எட்டு மணிக்கு, வார்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள் பகல் ஷிப்ட் நர்ஸ் வேல்விழி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. நம்ம ஊர்ப்பக்கம் என்ற தைரியத்தில் சுகப்பிரியா கேட்டாள்.

“யக்கா, மோகனப்ரியான்னு ஒருத்தி இருக்காளே. அவள எங்க பாக்கலாம்?”

வேல்விழி கையிலிருந்த நோட்டைக் கீழே வைத்தாள். “உன்ன எந்தக் கட்டில்ல போட்டுருக்காவ?”

பிறகு சொன்னாள். இரண்டு மாதம் முன்புவரை அந்தக் கட்டில் பகலில் மோகனப்ரியாவுக்கு, ராத்திரியில் வேல்விழிக்கு. ஆள் இல்லை என்று மோகனப்ரியாவை முப்பத்தாறு மணி நேரம் விடாமல் நிற்கவைத்தார்கள் புண்ணியவான்கள். காலையில் டியூட்டி மாறும்போது, ‘ரெண்டு நாள் ஆஃபுக்கா. ராத்திரி நீ வந்ததும் எழுப்பி வுடுக்கா, சாப்ட்டுப் படுக்குறேன்’ என்று வேல்விழியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

“ஒம்பது மணிக்குப் போனேன். அசந்து தூங்குதா. பாவம், எழுப்ப மனசு வரல. பக்கத்துலயே ஒடுங்கிப் படுத்துக்கிட்டேன். காலைலயும் தூங்கட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன். மறுநா ராத்திரி போனாதான்... வாடை அடிச்சுது.”

படுத்த அன்றைக்கே, மதியம் ஒரு மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

வேல்விழி குரலைத் தாழ்த்தினாள். “ராத்திரி பூரா முதுகோட முதுகு ஒட்டித்தான் படுத்துருந்தேன், சுகா. சூடாத்தான் இருந்தா.”

அந்த மெத்தையை யாரும் தூக்கிப் போடவில்லை. திருப்பிப் போட்டதோடு சரி. கதவுச் சீட்டிலிருந்த பெயரைக் கிழிக்கக்கூட அம்சவல்லிக்கு அலுப்பு.

“இன்னைக்கு ஊசியத் தொட மாட்டேன். நாளைல இருந்து வரவும் மாட்டேன்,” என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டாள் சுகப்பிரியா. காலையில் பெட்டியை எடுக்கப் போனாள். அம்சவல்லி பெருக்கிக்கொண்டிருந்தாள். மெத்தையைப் பழையபடி கறை கீழே போகத் திருப்பி, புது உறை மாட்டியிருந்தாள்.

“நல்ல மெத்த. ஒரு பக்கந்தானே கறை. நாளிக்கி புதுப் பொண்ணு வருது.”

அவள் மூஞ்சியில் துப்ப வேண்டும்போல் இருந்தது சுகப்பிரியாவுக்கு. துப்பவில்லை. கட்டிலருகே போய்க் குனிந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாளே.

“ஏட்டி மோகனா... எந்திரி. நேரமாச்சு.”

புது உறையின் நடுவில், ஓர் ஆள் நீளத்துக்கு, பள்ளம் விழுந்திருந்தது.

அது மெல்ல... மெல்ல... மேலே எழும்பியது.

கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

அம்சவல்லியும் பார்த்தாள். கையிலிருந்த விளக்குமாறு நழுவி விழுந்தது. பார்த்துவிட்டும், மறுநாள் வந்த பெண்ணை அதே மெத்தையில்தான் படுக்கவைத்தாள்.