ஹாரன் மாஸ்டரின் கல்லீரல்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ஹாரன் மாஸ்டர் என்று பெயர். காருக்குள் உட்கார்ந்து அவர் போடும் சத்தத்துக்கே முன்னால் போகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பள்ளிக் காரின் நிஜமான ஹாரன் கெட்டுப்போய் வெகுநாளாகியும் யாரும் கவனிக்கவில்லை. "கிளட்ச்" என்று அவர் கத்தினால் பயிற்சிக்கு வந்தவரின் கால் மட்டுமல்ல, பக்கத்து வண்டிக்காரரின் காலும் சேர்ந்து இறங்கும். அவரிடம் திட்டு வாங்கி அழுதவர்கள் நிறையப் பேர். அழுத எல்லோரும் லைசென்ஸும் வாங்கினார்கள். பள்ளியின் முதலாளி அவர் மனைவியின் அண்ணன். "நம்ம தொழிலே மாப்பிள்ளை வாயாலதான் ஓடுது" என்று அவர் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லுவார்.

ஐம்பதைத் தாண்டியதும் மாஸ்டருக்கு ரத்த அழுத்தம் எகிறியது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "கோபத்தக் கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்றார்.

"நான் எங்க சார் கோபப்படறேன்?" என்று மாஸ்டர் கேட்டது, வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

அன்று சாயங்காலம் மகள் அவர் போனில் ஒரு வீடியோ போட்டுக் கொடுத்தாள். பட்டுச் சட்டை போட்ட ஒரு சீனப் பெரியவர் ஏரிக்கரையில் நின்று காற்றை மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சிக்கு சீகோங் என்று பெயர் என்றது பின்னணித் தமிழ்க் குரல். அப்பா கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்பதற்கு மேல் மகளுக்கு வேறு நோக்கம் இல்லை. ஆனால் மாஸ்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அந்த வரிசையில் இருந்த வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்து முடித்துவிட்டுத்தான் போனைக் கீழே வைத்தார். கோபம் குடியிருப்பது கல்லீரலில், பயம் சிறுநீரகத்தில், துக்கம் நுரையீரலில் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. தன்மேல் தப்பில்லை, எல்லாம் கல்லீரல் செய்த வேலை என்று தெரிந்ததில் அவருக்குப் பெரிய ஆறுதல்.

மறுநாள் காலையில் குடும்பத்தைக் கூட்டி வைத்து அறிவித்தார்.

"நம்ம உடம்பு பூரா சீ ஓடுது. தெரியுமா உங்களுக்கு?"

மனைவி பதறிப்போனாள். "எங்கங்க? எந்த இடத்துல புண்ணு?"

"புண்ணு இல்ல. சீ. சீனாக்காரங்க உயிர்ச்சக்திய அப்படித்தான் சொல்றாங்க."

"சீன்னா சக்தியா? அப்ப இத்தனை வருஷமா நான் உங்களப் பாத்துச் சொன்னதெல்லாம் வாழ்த்தா?"

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போனாள். வழக்கமாக இந்த இடத்தில் மாஸ்டர் கூரையைப் பெயர்த்திருப்பார். அன்று கண்ணை மூடி, இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேராக இறக்கி, கல்லீரலைச் சமாதானப்படுத்தினார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி கிட்டே வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப்பின் வீடு மாறியது. குளிர்ந்த தண்ணீர் மண்ணீரலின் சூட்டை அணைத்துவிடும் என்று ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தார். சாயங்காலம் கால்களை வெந்நீரில் ஊறவைக்க உட்கார்ந்தாரென்றால் வீட்டில் வேறு யாருக்கும் வாளி கிடைக்காது. காலையில் பல் தேய்த்த கையோடு எல்லோரும் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும்; உள்ளுறுப்புகளின் நிலை அதில் தெரியுமாம். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவள். "வேலைக்குப் போனா வாய், வீட்டுக்கு வந்தா நாக்கு. எனக்கு முகம் உள்ள மனுஷங்களையே பாக்க முடியலை" என்று அண்ணனிடம் போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

மாத்திரையை மட்டும் அவர் விடவில்லை. அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "இது கல்லீரல் சூட்டத் தணிக்கிற வகை. நம்ம முறைக்கு ஒத்துப்போகும்" என்று தீர்ப்புச் சொல்லி, வெந்நீரோடு விழுங்கினார்.

வீட்டைவிடப் பள்ளியில்தான் சேதம் அதிகம். கத்துவதை மாஸ்டர் அடியோடு நிறுத்திவிட்டார். "ஆக்ஸிலரேட்டர மிதிக்கக் கூடாது. அது இறங்கறதுக்கு நாம அனுமதிக்கணும்" என்பார். வளைவு வந்தால், "இடுப்பு திரும்பட்டும். ஸ்டியரிங் தானா வரும்" என்பார். ஸ்டியரிங் வரவில்லை, நடைபாதைதான் வந்தது. பழைய ஆட்கள் அவருடைய கனிவைப் பார்த்து மிரண்டார்கள். மாஸ்டருக்கு என்னவோ பெரிய வியாதி, டாக்டர் கையை விரித்துவிட்டார் என்று பேச்சுக் கிளம்பி, ஒருவர் பழங்களோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் தையல்கடை அம்மா ஒருத்தி. பாதி வகுப்புகளைத் திட்டோடும் மீதியைத் திட்டில்லாமலும் முடித்தவள். ஒருநாள் அவளே கெஞ்சினாள்.

"மாஸ்டர், நீங்க திட்டினாத்தான் என் கால் பிரேக்குக்குப் போகும். ஒரு தடவ திட்டுங்களேன்."

"உங்க பயம் சிறுநீரகத்துல இருக்கும்மா."

"பிரேக் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாதே மாஸ்டர்."

அவளுக்கு லைசென்ஸ் சோதனை நாள் வந்தது. சோதனை மைதானத்தின் ஒரு மூலையில், முறை வரும்வரை வண்டியைப் பின்னால் எடுத்துப் பழகச் சொன்னார் மாஸ்டர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டியவர், "உடம்புக்கே எல்லாம் தெரியும். நம்புங்க" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓரமாகப் போய், முழங்காலை மடக்கி, மரத்தைக் கட்டிப்பிடித்தாற்போலக் கைகளை வளைத்து நின்றுகொண்டார். இந்த நிலையில் நிற்கும்போது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டியிருக்க வேண்டும். எடுத்துவிட்டால் உடம்பில் சுற்றிவரும் சக்தி பாதியில் அறுந்துபோகும் என்று வீடியோவில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

கார் மெதுவாகப் பின்னால் வந்தது. அது போகும் திசையில் சோதனை வைக்கும் இன்ஸ்பெக்டரின் புது பைக் நின்றது. அதை ஒட்டி அலுவலக ஆட்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. மாஸ்டர் பார்த்துவிட்டார். "பிரேக்" என்று சொல்ல வேண்டும். சொன்னால் சுற்று அறுந்துவிடும். நாக்கை எடுக்காமலே சொல்லிப் பார்த்தார். "ங்ங்ங்" என்று ஒரு சத்தம் வந்தது. தையல்கடை அம்மா அதை மூச்சுப்பயிற்சி என்று நினைத்து, தானும் மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு, தொடர்ந்து பின்னால் வந்தாள்.

பைக் சாய்ந்தது. அது பக்கத்து வண்டியைச் சாய்த்தது. அது அதற்கடுத்ததை.

மாதக்கணக்கில் கல்லீரலுக்குள் தள்ளித் தள்ளி வைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"பிரேக்க மிதிடி, முண்டமே!"

மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை வண்டிகளும் நின்றன. வெளிச் சாலையில் ஒரு பேருந்தும் நின்றது. தையல்கடை அம்மாவும் நிறுத்தினாள். நிறுத்தியது மட்டுமல்ல, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அதே தெளிவோடு அடுத்த அரைமணியில் இன்ஸ்பெக்டரே குறை சொல்ல முடியாதபடி ஓட்டிச் சோதனையில் தேறினாள்.

இன்ஸ்பெக்டர் மாஸ்டரை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்கு வந்தவரை மனைவி நேராக டாக்டரிடம் இழுத்துப்போனாள். எகிறியிருக்கும் என்று பயந்த ரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்தது. எப்படிக் குறைந்தது என்று டாக்டருக்கு முன்னாலேயே சண்டை வந்தது. சீகோங் என்றார் மாஸ்டர். மாத்திரை என்றாள் மனைவி. "இன்னிக்குக் கத்தினதாத்தான் இருக்கும்" என்றாள் மகள்.

"மூணுல எதையும் விட வேண்டாம். மூணாவத மட்டும் அளவா வச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். காலையில் வகுப்புக்கு முன்னால் மாஸ்டர் யாரை வேண்டுமானாலும் நிற்கவைத்துக் கையை ஆட்டச் சொல்லலாம். காருக்குள் ஏறிவிட்டால் பழைய மாதிரி கத்த வேண்டும். உறுப்புகளின் பெயரை இரண்டு இடத்திலும் எடுக்கக் கூடாது. பயந்து நடுங்கி வருகிறவர்களுக்குக் கையை ஆட்டியதில் உண்மையிலேயே தோள் இறுக்கம் விட்டது. பிறகு திட்டு வாங்கும்போது அழுகையும் குறைந்தது.

பைக்கின் பழுது தீர்ந்த பிறகு ஒருநாள் இன்ஸ்பெக்டரே பள்ளிக்கு வந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் ஓட்டும் வண்டிகளில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து அவருக்கு முதுகு போயிருந்தது. "அன்னிக்கு நீங்க நின்னீங்களே மாஸ்டர், அது எதுக்கு?" என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார். முதலாளி கேட்கும் தூரத்தில் நின்றதால் மாஸ்டர், "முதுகுக்கு" என்று மட்டும் சொல்லி, எப்படி நிற்பதென்று காட்டிக்கொடுத்தார். இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போய் வீடியோக்களைத் தேடிப் பார்த்துக்கொண்டார்.

இப்போது சோதனைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகத் தேறாமல் திரும்பி வருகிறார்கள். ஒருத்திக்கு நுரையீரலில் துக்கம் இருக்கிறதாம். இன்னொருவர் பார்க்கிங்கை ஊசி கோத்தாற்போலச் செய்தும் மூச்சு மேலோட்டமாக இருந்ததால் தேறவில்லையாம். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு மாஸ்டரை இன்ஸ்பெக்டரிடம் பேச அனுப்பினார்.

மாஸ்டர் போனபோது இன்ஸ்பெக்டர் தன் அறையில் மேஜையை ஒதுக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பேச வாயெடுத்த மாஸ்டரைக் கையமர்த்தி, பக்கத்தில் நிற்கச் சொன்னார். மாஸ்டர் நின்றார். இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"முட்டி தப்பா மடங்குது மாஸ்டர். யாரு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

மாஸ்டர் முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கினார்.